சிங்கப்பூரில் வாடகை வீடு: ரிப்பேர் வந்தால் காசு யார் கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் புரியட்டும். செங்காங்கில் நான்கறை வீவக வீடு (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு), மாதம் 3,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இரண்டு வருட ஒப்பந்தம். குடிவந்து நாலு மாதம் ஆகிறது. படுக்கையறை ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர் கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டு உள்ளே கழுவுவது), கேஸ் எல்லாம் சேர்த்து 280 வெள்ளி என்கிறார். ஓனர் "ஏர்கான் வாடகைக்காரர் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்குக் குளியலறை சீலிங்கில் ஓர் ஈரத்திட்டு வேறு. "ஊரில் இதையெல்லாம் ஓனர்தானே பார்ப்பார், இங்கே சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறீர்கள்.

இங்கே சட்டம் இதைப் பற்றி அனேகமாக ஒன்றுமே சொல்வதில்லை, தம்பி. ஊரிலிருந்து வருகிற நம் ஆட்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர். டேப் வாஷர், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. சிங்கப்பூரில் அப்படி ஒரு பட்டியல் சட்டத்தில் கிடையாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே, ஏஜென்ட்கள் 'டிஏ' என்பார்களே, அதுதான் சட்டம். முத்திரைத் தீர்வை கட்டிய அந்தப் பதினைந்து இருபது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நானும் முதல் வீட்டுக்குப் படிக்கவில்லை.

எனவே முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு இடத்தைத் தேட வேண்டும்: சிறு ரிப்பேர் பற்றிய பத்தி, ஏர்கானுக்கென்று தனியாக உள்ள பத்தி, முதல் முப்பது நாள் பற்றிய பத்தி, வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும் பத்தி. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வரிசை மாறும். ஆனால் நாலும் எங்காவது இருக்கும்.

சிறு ரிப்பேர் பத்தியில் ஒரு தொகை போட்டிருக்கும். 150, 200, 250, சில சமயம் 300 வெள்ளி. ஒரு பொருளுக்கு, ஒரு தடவைக்கு, அந்தத் தொகைவரை குடியிருப்பவர் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் ஓனர் என்பது பொதுவான ஏற்பாடு. இங்கேதான் ஒரு வார்த்தை உங்கள் பையில் நூறு வெள்ளியை வைக்கும் அல்லது எடுக்கும். சில ஒப்பந்தங்களில் "முதல் 200 வெள்ளி குடியிருப்பவருடையது, மிச்சம் ஓனருடையது" என்று இருக்கும். தண்ணீர் ஹீட்டர் மாற்ற 350 ஆனால் நீங்கள் 200, அவர் 150. வேறு சிலவற்றில் "200 வெள்ளியைத் தாண்டினால் ஓனர் ஏற்பார்" என்று மட்டும் இருக்கும். அதே ஹீட்டருக்கு முழு 350ம் அவருடையது என்று வாதாட அதில் இடம் உண்டு. இரண்டும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஏஜென்ட் ஒரு வரியில் தெளிவாக்கித் தந்திருப்பார். இப்போது இருப்பதை வைத்துப் பேச வேண்டியதுதான்.

அதே பத்தியில் பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும்: வரம்பைத் தாண்டும் வேலைக்கு முன்கூட்டியே ஓனரின் சம்மதம் வேண்டும். அவசரப்பட்டு ஆளைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டு பில்லை அனுப்பினால், "என்னைக் கேட்டியா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். நியாயமோ இல்லையோ, ஒப்பந்தம் அவர் பக்கம்.

இப்போது உங்கள் ஏர்கானுக்கு வருவோம். சிறு ரிப்பேர் தொகைக்குள் அது வராது, அதற்குத் தனிப் பத்தி. வழக்கமாக அதில் இரண்டு வாக்கியம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ், தேவைப்பட்டால் கெமிக்கல் கிளீனிங், கேஸ் நிரப்புவது குடியிருப்பவர் செலவு என்பது முதலாவது. குடியிருப்பவரின் கவனக்குறைவால் இல்லாத பட்சத்தில், ஏர்கானைப் பழுதுபார்ப்பது, பாகம் மாற்றுவது ஓனர் செலவு என்பது இரண்டாவது. உங்கள் ஓனர் முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்துக் காட்டுகிறார். இரண்டாவது இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

எந்த வாக்கியம் பொருந்தும் என்பது தண்ணீர் ஏன் சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் 280 வெள்ளி இதில்தான் இருக்கிறது.

ஏர்கான் உள்ளே ஓடும் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது. சிங்கப்பூர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தண்ணீர் 'காயில்' எனப்படும் குளிரூட்டும் சுருள்குழாய்க்குக் கீழே இருக்கும் தட்டில் விழுந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தக் குழாயில் கஞ்சி மாதிரி வழவழப்பான பாசி பிடிக்கும். குழாய் அடைத்தால் தட்டு நிரம்பி, தண்ணீர் முன்பக்கம் வழியாக உங்கள் கட்டில் மேல் விழும். இதில் குளிர்ச்சி குறையாது, ஒழுக்கு மட்டும்தான். இது சர்வீஸ் விஷயம். நாலு மாதத்தில் நீங்கள் ஒருமுறைகூட சர்வீஸ் செய்யவில்லை என்றால் உங்கள் கணக்குதான், சண்டை போடாதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. குளிர்ச்சியும் குறைந்திருக்கும். மூடியைத் திறந்தால் காயிலில் வெள்ளையாக ஐஸ் படிந்திருக்கும். மெஷினை நிறுத்தியதும் அது உருகிக் கொட்டும். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று ஓட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். ஃபில்டரை நீங்களே கழற்றிக் கழுவிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அதன் பிறகும் ஐஸ் கட்டினால் கேஸ் பக்கம் சந்தேகம்.

சர்வீஸ்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. ஏர்கான் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. செப்புக் குழாய்க்குள் அடைத்து வைத்த அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு மூட்டில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி அதே கதை, மறுபடி உங்கள் காசு. ஒப்பந்தம் "கேஸ் நிரப்புவது குடியிருப்பவர்" என்று சொன்னாலும், கசிகிற குழாய் பழுதுதானே, அது இரண்டாவது வாக்கியத்தில் வந்துவிடுகிறது. ஆகவே வந்தவரிடம் "கேஸ் அழுத்தம் எவ்வளவு இருந்தது, கசிவு எங்கே என்று பார்த்தீர்களா" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். பார்த்துச் சொல்ல மட்டும் ஒரு சின்னத் தொகை வாங்குவார்கள், அது போனால் போகட்டும்.

அப்புறம் ஓனரிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் குடிவருவதற்கு முன் ஏர்கான் சர்வீஸ் செய்த பில் எங்கே? பெரும்பாலான ஒப்பந்தங்களில் சர்வீஸ் செய்துதான் வீட்டை ஒப்படைக்க வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் இரண்டு வருஷம் ஃபில்டரைக் கழற்றாமல் விட்டுப்போன அழுக்குக்கு நீங்கள் கெமிக்கல் வாஷ் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை முதல் முப்பது நாளில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆமாம், அந்த முப்பது நாள். குடிவந்த முதல் மாதம் எது பழுதானாலும் ஓனர் செலவு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், சிலவற்றில் பதினாலு நாள். நம் ஆட்கள் அந்த ஒரு மாதத்தை என்ன செய்கிறோம்? முஸ்தபாவில் பாத்திரம் வாங்குகிறோம், தேக்காவில் கறிவேப்பிலை எங்கே மலிவு என்று விசாரிக்கிறோம், பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறோம். நான் முதன்முதலில் யீஷூனில் எடுத்த வீட்டில் இரண்டாவது கழிவறையை மூன்று மாதம் சாமான் வைக்கத்தான் பயன்படுத்தினோம். ஊரிலிருந்து அம்மா வந்த பிறகுதான் அதன் ஃப்ளஷ் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பது தெரிந்தது. தண்ணீர் பில் வேறு. முப்பது நாள் முடிந்து அறுபது நாள் ஆகியிருந்தது. 120 வெள்ளி என் கையிலிருந்து போனது. பிறகு அடுக்குமாடிக்குக் கீழே இருந்த ஹார்ட்வேர் கடையில் அதே பாகத்தைச் சில வெள்ளிக்குத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு எடுத்த வீடுகளில் முதல் சனிக்கிழமை எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா அடுப்பையும் பற்றவைத்து, ஃப்ரிட்ஜ் டிராயர் உட்பட எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாமானைப் பிரித்தேன்.

அந்தப் போட்டோ ஒருமுறை என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது ஃப்ரிட்ஜ் டிராயரில் இருந்த கீறலுக்குப் புது டிராயர் விலையைக் கேட்டார் அந்த ஓனர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வாட்ஸ்அப் செய்தியை மேலே தள்ளித் தள்ளிக் காட்டினேன். கீறல் அப்படியே இருந்தது, தேதியோடு. அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

ஓனரும் தமிழர், "அண்ணே" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. அண்ணன் அண்ணனாகவே இருக்கட்டும், தீபாவளிக்கு முறுக்கும் கொடுங்கள். ஆனால் போனில் பேசியதை அன்றைக்கே "அண்ணே, இன்னைக்குப் பேசினபடி…" என்று ஆரம்பித்து ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். நான் இப்போது சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்: எழுத்தில் வருகிற புகாரை ஓனர் தப்பாக எடுப்பதில்லை, ஆறு மாதம் கழித்து "அப்பவே சொன்னேனே" என்று வருவதுதான் எரிச்சல்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்பு, டேப் வாஷர், ரிமோட் பேட்டரி உங்களுடையது. ஓனர் கொடுத்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வயதாகிச் செத்தால் சிறு ரிப்பேர் வரம்புவரை நீங்கள், மேலே அவர்; மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் புதுசு வாங்கும் செலவைப் பொதுவாக அவர்தான் ஏற்கிறார். வாசலுக்கு வெளியே உள்ளது எதுவும் உங்கள் தலைவலி இல்லை. லிஃப்ட், தாழ்வார விளக்கு எல்லாம் வீவக பேட்டையில் நகர மன்றம், கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியில் நிர்வாகக் குழு. அதற்கான மாதக் கட்டணத்தை ஓனர் கட்டுகிறார். சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டால், சாம்பார்ப் பருப்பும் எண்ணெயும் ஊற்றியது யார் என்று தெரிந்ததே, நாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் மட்டுமில்லாமல் மேலும் கீழும் அடைத்திருந்தால் அது பொதுக் குழாய். ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் முன் நகர மன்றத்தின் இருபத்துநாலு மணி நேர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

டைல்ஸ் விஷயம் ஒன்று. மழை பெய்து குளிரும் நாட்களில் தரை டைல்ஸ் 'டப்' என்று வெடித்து மேலே கிளம்புவது இங்கே நடப்பதுதான். 2018 ஜனவரியில் அப்படிப் பல வீடுகளில் நடந்தது. பழைய பிடிமானம் விட்டுப்போவதும் வெப்பநிலை மாறுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. நீங்கள் அம்மிக்கல்லைப் போடாதவரை, அது உங்கள் செலவு இல்லை.

நம் வீடுகளுக்கென்றே சில தகராறுகள் உண்டு. சாமி படத்துக்கு ஆணி அடிப்பதற்கு அனுமதி வேண்டும், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துப் பூச வேண்டும். விளக்கு ஏற்றும் இடத்துக்கு மேல் சுவரில் கரி படிந்தால் அது 'இயல்பான தேய்மானம்' கணக்கில் சேராது. வெயிலில் திரைச்சீலை வெளுத்தால் தேய்மானம், தாளிப்புப் புகையில் கேபினட் மஞ்சளானால் அது நீங்கள். மஞ்சள் கறை பற்றி ஒரு சின்ன இரகசியம்: நேரடி வெயில் பட்டால் தானே வெளுத்துவிடும். கட்டிங் போர்டை ஜன்னலோரம் வைத்தாலே தெரியும். சமையல் மேடையைத் தூக்கி வெயிலில் வைக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. 'லைட் குக்கிங்', அதாவது லேசான சமையல் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே "நாங்கள் தினமும் தாளிப்போம்" என்று சொல்லிவிடுவது மேல்.

சரி, பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால்? வாடகையில் பிடித்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். வாடகையைப் பிடித்தம் இல்லாமல் கட்ட வேண்டும் என்றுதான் அனேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதில் குறைத்தால் தவறு உங்களுடையதாகிவிடும். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள். கேட்கும் இடம் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைப்யூனல், சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம். இரண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்களுடையது சரியாக அதற்குள் வருகிறது. 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு தரப்பும் சம்மதித்தால் 30,000. வக்கீல் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் தனியாளுக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. முதலில் சமரசம் பேசத்தான் உட்கார வைப்பார்கள், பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். 280 வெள்ளிக்கு அங்கே போகச் சொல்லமாட்டேன். உங்கள் இரண்டு மாத டெபாசிட் 6,000 வெள்ளி சிக்கினால் யோசிக்காமல் போங்கள்.

அங்கே போகிறவர்களுக்குக் கடைசி நிமிடத்தில் தெரிய வருவது முத்திரைத் தீர்வை. முத்திரை இல்லாத ஒப்பந்தம் சாட்சியத்துக்கு ஆகாது. கட்ட வேண்டியது குடியிருப்பவர், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. உங்களுக்கு 72,000க்கு 288 வெள்ளி. இங்கே கையெழுத்தானதிலிருந்து 14 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். ஏஜென்ட் கட்டிவிட்டேன் என்று சொன்னால் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். ஆமாம், அந்த ஏஜென்ட் யாருடைய ஏஜென்ட்? ஓனருடையவர் என்றால், "ஏர்கான் உங்க பொறுப்புதான்" என்று அவர் சொன்னது தீர்ப்பு இல்லை, ஒரு தரப்பின் வாதம். ஒரே ஏஜென்ட் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்ய இங்கே அனுமதியும் இல்லை.

கடைசியாகக் குளியலறை சீலிங். இதில் உங்களுக்குச் செலவே இல்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கு அடியில் இருக்கும் நீர்காப்புப் பூச்சு காலப்போக்கில் தேய்ந்துபோகும், தண்ணீர் கீழே இறங்கும். வீவக வீடுகளில் இது மேல்வீட்டு உரிமையாளரும் உங்கள் ஓனரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விவகாரம். இதற்கென்று வீவகவின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, பாதிச் செலவை வீவகவே ஏற்கும், மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பகிர்ந்துகொள்வார்கள். வீவகவிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் ஓனர். கொண்டோவாக இருந்தால் தண்ணீர் மேலிருந்துதான் வந்தது என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது மேல்வீட்டார் பாடு. உங்கள் வேலை தகவல் சொல்வதும், ஆள் வந்து பார்க்கக் கதவைத் திறந்துவிடுவதும்தான். சொல்லாமல் விட்டு, திட்டு பெரிதாகிக் காரை பெயர்ந்து விழுந்தால் மட்டும் "ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்.

இன்றைக்கு இரவே ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்திட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு படம். பென்சில்தான், பேனா வேண்டாம். பேனா என்றால் பெயின்ட் செலவு உங்கள் கணக்கில் ஏறிவிடும்.